சிலோன் ஏஜென்ற்றின் மணிக்கூடு

தர்ஷனா: கத்தாதை. முதல்ல அந்தக் கதவைச் சாத்து.

சஞ்சீவ்: அக்கா… நீ என்ன இஞ்ச? சனிக்கிழமையில?

தர்ஷனா: சாத்தடா எண்டு சொல்லுறன்!

சஞ்சீவ்: சாத்தேலாது. நூற்றிமுப்பது வருசத்துக் கதவு. சாத்தினால் கிறீச்செண்டு கத்தும், இந்த மியூசிய வீட்டின்ர கைட் மோனிகா ஓடி வந்திடுவா.

தர்ஷனா: வரட்டும். வந்து எனக்கு விளங்கப்படுத்தட்டும், எங்கட அப்பா ஏன் ஒரு சீனத் தேயிலை வியாபாரியின்ர வீட்டுச் சுவரில தொங்குறார் எண்டு. நீ சொல்லன், வாயில என்ன, கொழுக்கட்டையே?

சஞ்சீவ்: எது? உந்தப் படமோ? உது… அப்பா இல்லை.

தர்ஷனா: ஓகோ. பின்ன ஆர்?

சஞ்சீவ்: கீழ எழுதியிருக்குத் தானே. 'பெயர் தெரியாத சிலோன் தேயிலை ஏஜென்ற், 1895 அளவில்.'

தர்ஷனா: எனக்கும் வாசிக்கத் தெரியும். அந்த ஏஜென்ற்றின்ர காதைப் பார். உன்ர காது.

சஞ்சீவ்: காதெண்டால் எல்லாருக்கும் ஒரே மாதிரித் தானே இருக்கும்.

தர்ஷனா: கோட்டைப் பார். மேல் பொத்தான் இல்லை, ஊசி குத்தியிருக்கு. கிளிநொச்சியில இந்தக் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்த ஸ்ரூடியோக்காரன் இரவல் குடுத்த கோட்டு. அம்மா எத்தினை தரம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்கிறா.

சஞ்சீவ்: அந்தக் காலத்திலயும் ஊசி இருந்தது தானே அக்கா…

தர்ஷனா: சரி. இனிக் கையைப் பார்.

சஞ்சீவ்: கையில என்ன?

தர்ஷனா: கேஸியோ. 1895இல கேஸியோ மணிக்கூடு கட்டின ஒரே தேயிலை ஏஜென்ற் எங்கட அப்பா தான்ரா, சஞ்சீவ்!

சஞ்சீவ்: மெதுவா… மெதுவா. மோனிகா அதைக் காப்பெண்டு சொல்லுறா.

தர்ஷனா: என்ன?

சஞ்சீவ்: சிலோன் வியாபாரியள் போடுற சதுரக் காப்பாம். ரூர் வாற ஆக்களுக்கும் அப்பிடித் தான் சொல்லுறா.

தர்ஷனா: அவவுக்கென்ன விசரே?

சஞ்சீவ்: அவவை ஏசாதை, நல்ல மனுசி. இந்த வீட்டில கைட் வேலை பாக்கிறதுக்குச் சம்பளமே எடுக்கிறேல்லை. பிழை என்னில தான்.

தர்ஷனா: அப்பாடா. ஒரு மாதிரி வாயைத் திறந்திட்டாய். சொல்லு.

சஞ்சீவ்: என்னத்தைச் சொல்ல?

தர்ஷனா: எல்லாத்தையும். படிக்கட்டு எத்தினை, ரொய்லற் எங்க எண்டு பாக்க வந்தனான். நிமிர்ந்து பாத்தால் அப்பா! சண்டைக்குள்ள துலைஞ்சு பதினாறு வருசம் காணாத மனுசன், கோட்டுப் போட்டுக்கொண்டு, சீனாக்காரருக்கு நடுவில!

சஞ்சீவ்: பொறு, பொறு. படிக்கட்டை நீ ஏன் எண்ணுறாய்?

தர்ஷனா: கதையை மாத்தாதை. இந்தப் படம் எப்பிடி இஞ்ச வந்தது?

சஞ்சீவ்: நான் தான் மாட்டினன்.

தர்ஷனா: அது தெரியுது. அப்பா தானா ஏணி வைச்சு ஏறியிருக்க மாட்டார்.

சஞ்சீவ்: நான் இஞ்ச வேலைக்கு வந்து ரெண்டு வருசம். கூரைப் பீலி துப்புரவாக்கிறது, ஜன்னல் பிணைச்சலுக்கு எண்ணெய் விடுறது… ஒவ்வொரு நாளும் இந்த அறையால தான் போறன். இது என்ன அறை எண்டு தெரியுமே உனக்கு?

தர்ஷனா: செத்த ஆக்களின்ர படம் வைக்கிற அறை. வாசலில எழுதியிருக்கு.

சஞ்சீவ்: ஓம். நடுவில இருக்கிறவர் லம் ஹோய். சீனாவில கன்ரனில இருந்து வந்து, தேயிலை வித்து, இந்த வீட்டைக் கட்டினவர். பக்கத்தில மனுசி, தாய், தகப்பன். அந்த மூலையில ஒரு ஆணி மட்டும் சும்மா கிடந்தது.

தர்ஷனா: ஆணி சும்மா கிடந்தால்? கொழுவிப்போடுவியே?

சஞ்சீவ்: கேளன். அது லம் ஹோயின்ர தம்பிக்கு அடிச்ச ஆணி. தங்கம் தோண்டப் போன மனுசன் திரும்பி வரேல்லையாம். படமும் இல்லை. ஆணியை மட்டும் அடிச்சு வைச்சிருக்கினம். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து ஏழு வீடு மாறிட்டம். ஏழும் வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது, ஓட்டை போடக் கூடாது, மூண்டு மாசத்துக்கு ஒருக்கால் வீட்டு ஏஜென்ற் வந்து சுவரைத் தடவித் தடவிப் பாப்பான். இஞ்ச ஒரு ஆணி நூறு வருசமா ஆரையோ பாத்துக்கொண்டு நிக்குது.

தர்ஷனா: நல்லாக் கதைக்கிறாய். ஆனா ஆணி அடிக்கேலாததாலயே நாங்கள் அப்பான்ர படம் மாட்டேல்லை? நோர்த்மீட் வீட்டில ஆணியில்லாமல் ஒட்டுற கொழுக்கி வாங்கிக் கொண்டு வந்தனீ. ஞாபகம் இருக்கே?

சஞ்சீவ்: இருக்கு.

தர்ஷனா: அம்மா என்ன சொன்னவ?

சஞ்சீவ்: 'கொப்பர் வந்து நிக்கேக்குள்ள தன்ர படத்தைச் சுவரில கண்டால் என்ன நினைப்பார்? என்னைச் சாகடிச்சுப்போட்டியளோ எண்டு கேக்க மாட்டாரே?'

தர்ஷனா: பிறகும் இஞ்ச, செத்த ஆக்களோட கொண்டு வந்து…

சஞ்சீவ்: அது தான் இல்லை அக்கா! இஞ்ச ஒரு வழக்கம் இருக்கு. படங்களுக்குக் கீழ இருக்கிற அந்தப் பெயர்ப் பலகையளைப் பார். பழைய காலத்தில, இன்னும் உயிரோட இருக்கிற ஆளின்ர பெயரையும் முன்கூட்டியே வைப்பினமாம். ஆனா அதுக்கு மேல ஒரு சிவப்புத் தாள் ஒட்டி விடுவினம். ஆள் செத்தாப் பிறகு தான் தாளைக் கிழிக்கிறது. சிவப்பு இருந்தால் உயிரோட இருக்கிறார் எண்டு அர்த்தம்.

தர்ஷனா: அதுக்கு?

சஞ்சீவ்: உலகத்திலயே இந்த ஒரு சுவரில தான் அக்கா, ஒரு மனுசன் செத்தாக்களோட தொங்கலாம், ஆனா சாகாமலும் இருக்கலாம். மோனிகா அதை முதல் தரம் விளங்கப்படுத்தேக்குள்ள எனக்கு அழுகை வந்திட்டுது. அம்மாக்கும் பொய் இல்லை, அப்பாக்கும் ஒரு சுவர் கிடைச்சுது.

தர்ஷனா: மொக்கா… என்ர மொக்குத் தம்பி. ஏஜென்ற் ஆனது எப்பிடி?

சஞ்சீவ்: ஷெட்டுக்குள்ள ஒரு பழைய ஃபிரேம் கிடந்தது, அதுக்குள்ள போட்டன். மோனிகா லீவால வந்து பாத்திட்டு, 'இது எங்க கிடந்தது' எண்டு கேட்டா. 'ஷெட்டுக்குள்ள' எண்டன். ஃபிரேமைத் தான் கேக்கிறா எண்டு நினைச்சன். ரெண்டு கிழமையில லேபல் ஒட்டிப்போட்டினம். லம் ஹோய் சிலோன் தேயிலையும் வித்தவராம், அதால இவர் ஏஜென்ற்றாத் தான் இருக்கவேணுமாம்.

தர்ஷனா: நீ வாயைத் திறந்து சொல்லேல்லையே?

சஞ்சீவ்: சொன்னால் கழட்டிப்போடுவினமே. அப்பாவை ஆக்கள் நிண்டு பாத்திட்டுப் போறது எனக்குப் பிடிச்சிருந்தது. சின்னப் பிள்ளையள் கை காட்டிப்போட்டுப் போகுதுகள்.

தர்ஷனா: கடவுளே… இப்ப கழட்டு.

சஞ்சீவ்: என்ன?

தர்ஷனா: கழட்டடா! பதினொரு மணிக்கு எங்கட முதியோர் சங்கச் சீனியர்ஸ் பஸ் வருது. சத்தியபாமா அன்ரி தான் கூட்டிக்கொண்டு வாறா. நான் ஏன் படிக்கட்டு எண்ணுறன் எண்டு நினைச்சாய்? அம்மா அந்த பஸ்ஸில இருக்கிறா!

சஞ்சீவ்: அம்மாவே? அவை புளூ மவுண்டன்ஸ் மலை பாக்க எல்லோ போகினம்?

தர்ஷனா: மழை எண்டு மாத்திப்போட்டினம்.

சஞ்சீவ்: மழை எங்க பெய்யுது? வெளியில வெயில் எறிக்குது!

தர்ஷனா: எனக்கென்ன தெரியும்? நேற்றுப் பின்னேரம் அன்ரி கோல் எடுத்து, 'சமர் ஹில்லில ஒரு சீனாக்காரற்ற பழைய மாளிகையாம், அங்க போறம், நீ முன்னுக்குப் போய்ப் பார் பிள்ளை' எண்டவ. எத்தினை மணி இப்ப?

சஞ்சீவ்: பத்தே முக்கால்.

தர்ஷனா: கழட்டு, கழட்டு. அம்மா இதைக் கண்டாவெண்டால் அந்த இடத்திலயே விழுந்திடுவா. பிறஷர்க் குளிசையும் காலமை போட்டாவோ தெரியாது.

சஞ்சீவ்: கழட்டேலாது.

தர்ஷனா: சஞ்சீவ், பகிடிக்கு நேரமில்லை.

சஞ்சீவ்: உண்மையா ஏலாது. லேபல் ஒட்டின கையோட பாதுகாப்பு ஸ்குரூ போட்டுப்போட்டினம். அதுக்கு ஒரு தனிச் சாவி. அது மோனிகான்ர கழுத்தில தொங்குது.

தர்ஷனா: போய்க் கேள்!

சஞ்சீவ்: என்னெண்டு கேக்க? 'உங்கட 1895ஆம் ஆண்டு ஏஜென்ற் என்ர தகப்பன், ஒருக்கால் இறக்கித் தாங்கோ' எண்டோ? பின்னால ஷெட்டுக்குள்ள பெட்டி பெட்டியா நோட்டீஸ் அடிச்சு வைச்சிருக்கினம். முன் பக்கத்திலயே அப்பா.

தர்ஷனா: என்ர ஐயோ.

சஞ்சீவ்: ஏணியை முன்னுக்கு வைப்பம். மேல துணியைப் போடுவம். திருத்த வேலை எண்டு சொல்லலாம்.

தர்ஷனா: எடு, எடு கெதியா… என்னடா நிக்கிறாய்? துணியைப் போடன்.

சஞ்சீவ்: அக்கா.

தர்ஷனா: என்ன?

சஞ்சீவ்: தாளைக் காணேல்லை.

தர்ஷனா: என்ன தாள்?

சஞ்சீவ்: சிவப்புத் தாள். இந்த மூலையில ஒட்டியிருந்தனான். நீ கிழிச்சனியே?

தர்ஷனா: நான் வரேக்குள்ளயே சிவப்பா ஒண்டும் இருக்கேல்லை. காத்துக்கு விழுந்திருக்கும்.

சஞ்சீவ்: பசை போட்டு ஒட்டினது. பார், கிழிஞ்ச அடையாளம் இருக்கு. நகத்தால சுரண்டி எடுத்திருக்கினம்.

தர்ஷனா: மோனிகாவா இருக்கும்.

சஞ்சீவ்: அவ இந்தச் சாமானுகளைக் கையுறை போடாமல் தொடமாட்டா. போன கிழமை, திங்களண்டு இருந்தது… இருந்தது அக்கா, நான் பாத்தனான். ஆர் கிழிச்சது?

தர்ஷனா: விடு. ஒரு தாள் தானே.

சஞ்சீவ்: ஒரு தாள் தானோ? கிழிச்சால் என்ன அர்த்தம் எண்டு இப்ப தானே சொன்னனான்!

தர்ஷனா: கத்தாதை. …தம்பி, இஞ்ச பார். என்னைப் பார். நீ இன்னும் நம்பிக்கொண்டே இருக்கிறாய்?

சஞ்சீவ்: நீ நம்பேல்லையே?

தர்ஷனா: பதினாறு வருசம். உயிரோட இருந்தால் ஒரு கோல் எடுக்க மாட்டாரே? நான் எப்பவோ மனதுக்குள்ள அழுது முடிச்சிட்டன். அம்மான்ர நெற்றியில அந்தப் பொட்டைப் பாக்கிற நேரமெல்லாம் நாக்கைக் கடிச்சுக்கொண்டு இருந்தனான்.

சஞ்சீவ்: நீ அதை என்னட்டச் சொல்லேல்லை.

தர்ஷனா: உன்னட்ட எப்பிடிச் சொல்ல? மூண்டு வருசம் ஒவ்வொரு மணிக்கும் காதைத் தீட்டிக்கொண்டு திரிஞ்சனியடா, அந்தக் கேஸியோ 'பீப்' எண்டு அடிக்குதோ எண்டு. முகாமில படுத்திருந்துகொண்டும் கேட்டனீ, 'அக்கா, இப்ப அடிச்சது கேட்டதே' எண்டு.

சஞ்சீவ்: பங்கர்க் குழிக்குள்ள அதை வைச்சுத் தானே மணி எண்ணினனாங்கள். குளிக்கேக்குள்ளயும் கழட்டாத மனுசன்.

தர்ஷனா: சத்தம் கேக்குதே? பஸ்.

சஞ்சீவ்: பத்து நிமிசம் இருக்குத் தானே!

தர்ஷனா: சத்தியபாமா அன்ரி எண்டைக்குப் பிந்தினவ? துணியைப் போடு! நான் வாசலில மறிக்கிறன். முதல்ல ரீ குடிக்கட்டும் எண்டு தோட்ட வளவுக்குள்ள கலைச்சு விடுறன். …ஐயோ.

சஞ்சீவ்: என்ன?

தர்ஷனா: அம்மா. தனிய வாறா. நேர இஞ்ச தான் வாறா.

சஞ்சீவ்: இந்த அறை அவவுக்கு எப்பிடித் தெரியும்?

தர்ஷனா: அம்மா! வாங்கோ வாங்கோ. இந்தப் பக்கம் திருத்த வேலை நடக்குது. தூசி. உங்களுக்கு மூச்சு முட்டு வந்திடும். அங்கால குசினியைப் பாப்பமே, பெரிய அடுப்பெல்லாம் இருக்கு…

அம்மா: என்ன பிள்ளை, ரெண்டு பேரும் கோழி பிடிச்ச கள்ளர் மாதிரி நிக்கிறியள்?

சஞ்சீவ்: ஒண்டும் இல்லையம்மா. சுவர் வெடிச்சிருக்கு. அது தான் துணி.

அம்மா: வெடிச்ச சுவருக்கு என்ர மகன் வேட்டி கட்டி விட்டிருக்கிறார். துணியை எடு.

சஞ்சீவ்: அம்மா, வேண்டாம்…

அம்மா: எடு ராசா. நான் போன கிழமையே பாத்திட்டன்.

தர்ஷனா: என்ன?

அம்மா: செவ்வாய்க்கிழமை சஞ்சீவ் சாப்பாட்டுப் பெட்டியை மேசையில விட்டிட்டு வந்திட்டார். பசியோட நிப்பான் எண்டு பஸ் ஏறி, ரெயின் ஏறி கொண்டு வந்தனான்.

சஞ்சீவ்: கவுண்டரில இருந்த பெட்டி! அக்கா தான் குடுத்துவிட்டவ எண்டெல்லோ நினைச்சன்.

அம்மா: நீ கூரையில ஏறி நிண்டனியாம். அந்த மோனிகாப் பிள்ளை சும்மா விடேல்லை, கையைப் பிடிச்சு வீடு முழுக்கக் காட்டினவள். இந்த அறைக்குள்ள வந்து நிமிர்ந்தால் கொப்பர். கதிரை கொண்டு வந்து போட்டு, தண்ணி தந்தவள்.

சஞ்சீவ்: புழுக்கத்தில ஒரு ஆளுக்குத் தலை சுத்தினது எண்டு மோனிகா என்னைக் கொண்டு அந்த ஜன்னலைத் திருத்துவிச்சவ… அது நீங்களே? வீட்டை வந்து ஒரு வார்த்தை சொல்லேல்லையே அம்மா!

அம்மா: நீ சொன்னனியே?

தர்ஷனா: அம்மா, கோவிக்காதேங்கோ. தம்பி அப்பாவைச் செத்ததெண்டு நினைச்சு மாட்டேல்லை. அதில ஒரு சிவப்புத் தாள் ஒட்டினவன். உயிரோட இருக்கிற ஆக்களுக்குத் தான்…

அம்மா: தெரியும். அந்தப் பிள்ளை விளங்கப்படுத்தினவள். சிவப்பெண்டால் இருக்கிறார். சிவப்பில்லையெண்டால் இல்லை.

சஞ்சீவ்: ஆரோ கிழிச்சுப்போட்டினம் அம்மா. நான் வேறை ஒட்டுறன். இண்டைக்கே ஒட்டுறன்.

அம்மா: ஒட்டாதை.

சஞ்சீவ்: ஏன்?

அம்மா: கிழிச்சது நான் தான்.

தர்ஷனா: அம்மா!

சஞ்சீவ்: நீங்களோ? வருவார் வருவார் எண்டு சொன்ன நீங்களோ? படத்தை ஒரு சுவரில வைக்க விடாத நீங்களோ?

அம்மா: இந்தா. கையை நீட்டு. அந்தத் தாள் தான்.

சஞ்சீவ்: மடிச்சு வைச்சிருக்கிறியள்… என்ன இது, பாரமா இருக்கு? உள்ளுக்கு என்ன?

அம்மா: பிரிச்சுப் பார்.

தர்ஷனா: என்னடா? காட்டு. …ஐயோ. அம்மா. ஐயோ, அம்மா!

சஞ்சீவ்: மணிக்கூடு.

தர்ஷனா: அப்பான்ர… அப்பான்ர கேஸியோ. வார் அறுந்து நூலால கட்டினது. நான் கட்டிக் குடுத்த நூல்…

சஞ்சீவ்: இது எப்பிடி உங்களிட்ட? கழட்டவே மாட்டாரே. எப்பிடியம்மா?

அம்மா: நான் தான் கழட்டினனான்.

சஞ்சீவ்: எப்ப?

அம்மா: அவர் கஞ்சி வாங்கப் போன அண்டைக்கு. செல்குண்டு விழுந்த சத்தம் கேட்டு நான் ஓடிப்போனனான் எல்லோ. நீங்கள் பங்கருக்குள்ள. வாளி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். கையால குழி கிண்டி, அவரைக் கிடத்தி, மண் போட்டனான். மண்ணுக்குள்ள இருந்து 'பீப்' எண்டு அடிச்சுது. திரும்பக் கிண்டிக் கையை எடுத்துக் கழட்டினன்.

தர்ஷனா: எங்களிட்ட… அப்பா பாலத்தைக் கடந்து முன்னுக்குப் போயிட்டார் எண்டு சொன்னியளே…

அம்மா: வேறை என்ன சொல்ல? சஞ்சீவுக்குப் பதின்மூண்டு வயது. அப்பா வராமல் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டன் எண்டு பங்கர் வாசலில இருந்தவர். 'கொப்பர் முன்னுக்குப் போயிட்டார், ஓடு, பிடிச்சிடலாம்' எண்டன். ஓடினாய். பாலம் முழுக்க ஓடினாய் ராசா. நிண்டிருந்தால் உங்களையும் மண் போட்டு மூடியிருப்பன்.

சஞ்சீவ்: பிறகு? பிறகு சொல்லியிருக்கலாமே! பதினாறு வருசம் அம்மா! ரெட் குரொஸ்ஸில பேர் பதிஞ்சனாங்கள்…

அம்மா: முகாமுக்குப் போய்ச் சொல்லுவம் எண்டு நினைச்சன். நீ மணிக்கூட்டுச் சத்தம் கேக்குதெண்டு எழும்பி இருந்தாய். கப்பலேறி இஞ்ச வந்தாப் பிறகு சொல்லுவம் எண்டன். உன்ர பள்ளிக்கூடச் சோதினை முடியட்டும் எண்டன். பொய் வளந்து உன்ர உயரத்துக்கு வந்திட்டுது. பொட்டை அழிச்சால் நீங்கள் கேப்பியள். அதால அழிக்கேல்லை. படத்தை ஏத்தினால் நான் அழுதிடுவன். அதால ஏத்த விடேல்லை. போன கிழமை உன்ர தாளைக் கண்டாப் பிறகு தான் தெரிஞ்சுது, என்ர பொய்யை நீ இன்னும் தூக்கிக்கொண்டு திரியிறாய் எண்டு.

தர்ஷனா: அம்மா, இதில இருங்கோ. இருங்கோ. அன்ரி ஆக்கள் வாசலுக்கு வந்திட்டினம், கூப்பிடுகினம்… தம்பி, கண்ணைத் துடை. அவைக்கு என்ன சொல்லுறது? நான் திருப்பி அனுப்புறன்.

அம்மா: அனுப்பாதை. மழை எண்டு பொய் சொல்லி பஸ்ஸை இஞ்ச திருப்பினது நான் தான். அவருக்கு ஒரு செத்தவீடு வைக்கேல்லை பிள்ளை, ஒரு சனம் வந்து நிக்கேல்லை. இருபத்தெட்டுப் பேர் வந்திருக்கினம், கதவைத் திறந்து விடு.